வயலில் நிற்கிற ஆளைத் தத்ரூபமாக வரைவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடவு வயல், கதிரடிக்கும் களம், ஆடு மேய்கிற தரிசு. இப்படி ஓர் இடத்தில் ஓர் ஆளை உள்ளது உள்ளபடி வரைய ஆசைப்படுகிறவர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும் இங்கே. ஓரளவு பென்சில் பழக்கமும் வண்ணம் கலந்த அனுபவமும் உள்ளவர்களுக்காக எழுதியது. எந்தக் கேள்வியில் தொடங்கினாலும் நான் கடைசியில் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான்: ஆளும் வயலும் ஒரே வெயிலில் நிற்க வேண்டும்.

வயலைத் தனியாக வரைந்தால் நன்றாக வருகிறது. ஆளைத் தனியாக வரைந்தாலும் சரியாக இருக்கிறது. சேர்த்து வரைந்தால் வெட்டி ஒட்டியதுபோல் ஆகிவிடுகிறதே, ஏன்?

பெரும்பாலும் கோட்டில் தப்பு இருக்காது, வெளிச்சத்தில்தான் இருக்கும். வயல் காலை ஏழரை மணிக்குப் பார்த்தது, ஆள் திண்ணை நிழலில் உட்கார்ந்திருந்தபோது எடுத்த போட்டோ. வயலில் வெயில் இடப்பக்கத்திலிருந்து வருகிறது, முகத்திலோ எந்தப் பக்கமும் வெயில் இல்லை. பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஆனால் ஏதோ சரியில்லை என்று கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது ஓரங்கள். ஆளைச் சுற்றி ஒரே மாதிரி கூர்மையான ஓரம் ஓடினால், எவ்வளவு திறமையாக வரைந்திருந்தாலும் அது கத்தரித்த அட்டைதான். வெயில் படும் தோளிலும் தலைத்துண்டின் விளிம்பிலும் ஓரம் தெளிவாக இருக்கட்டும். நிழல் பக்கத்து இடுப்பு பின்னால் இருக்கும் இருட்டோடு கலந்து காணாமல் போகட்டும். பாதத்தைப் புல் மறைக்கட்டும். பாதம் தரையைத் தொடுகிற இடத்தில் ஒரு சின்ன அடர்த்தியான நிழல் வேண்டும். அதை விட்டுவிட்டால் ஆள் காற்றில் மிதப்பார்.

முதலில் ஆளா, வயலா?

இரண்டும் ஒன்றாகவே வளர வேண்டும். வயலை முழுக்க முடித்துவிட்டு நடுவில் ஆளுக்கு வெள்ளையாக இடம் விட்டு வைப்பது பலருக்குப் பழக்கம். அந்த வெள்ளை கண்ணை ஏமாற்றும். வெள்ளைத்தாள் பக்கத்தில் எந்த வண்ணமும் இருட்டாகத் தெரிவதால் வயலை வேண்டியதைவிட வெளிறலாக அடித்துவிடுவீர்கள். அப்புறம் ஆளை வைத்ததும் எல்லாம் புரளும்.

உள்ளங்கை அளவுத் தாளில் மூன்றே டோனில் ஒரு சின்ன ஸ்கெட்ச் போடுங்கள்: வெளிச்சம், நடுத்தரம், இருட்டு. கண்ணை இடுக்கிப் பார்த்தால் விவரமெல்லாம் அழிந்து இந்த மூன்றும்தான் மிஞ்சும். ஆள் பின்னணியிலிருந்து பிரிந்து தெரிகிறாரா என்பது இங்கேயே தெரிந்துவிடும். தெரியவில்லை என்றால் கேன்வாஸுக்குப் போகாதீர்கள். பிரஷ்ஷின் எந்தக் கைவேலையும் அதைச் சரிசெய்யாது.

தூரத்தில் நிற்கும் ஆளை எந்த அளவில் வரைவது?

இதற்குக் கணக்கு இருக்கிறது, எளிய கணக்கு. அடிவானக் கோடு எப்போதும் வரைகிறவரின் கண் உயரத்தில் இருக்கும். சமதரையில் நீங்கள் நின்று வரைந்தால், உங்கள் உயரமே உள்ள ஒவ்வொருவரின் கண்ணும் அடிவானக் கோட்டிலேயே வரும். பத்தடியில் இருந்தாலும் சரி, இருநூறு அடியில் இருந்தாலும் சரி. தூரம் போகப் போகப் பாதம் மட்டும் மேலே ஏறும், தலை அதே கோட்டில் நிற்கும். முக்காலியில் உட்கார்ந்து வரைந்தால் அந்தக் கோடு நிற்கிறவர்களின் இடுப்புக்குச் சற்று மேலே ஓடும், அதுவும் எல்லாருக்கும் ஒரே இடத்தில்.

வயலில் ஒரு சிக்கல் வரும். நாம் வழக்கமாக ரோட்டிலோ வாய்க்கால் கரையிலோ நிற்போம், வயல் கீழே இருக்கும். உங்கள் கண் தரையிலிருந்து ஐந்தடி, கரை வயலைவிட மூன்றடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் உங்கள் கண் வயல்மட்டத்திலிருந்து எட்டடி மேலே. இப்போது வயலில் நிற்கும் ஐந்தடி ஆளின் பாதத்திலிருந்து அடிவானம் வரை உள்ள இடத்தை எட்டுப் பங்காகப் பிரித்தால் அவர் அதில் ஐந்து பங்கு. எவ்வளவு தூரத்தில் நின்றாலும் இதே விகிதம். வரப்பின்மேல் நடந்துபோகிறவர் வரப்பின் உயரத்துக்கு இன்னும் கொஞ்சம் மேலே வருவார். மரமும் வைக்கோல்போரும் அடிவானத்தை மறைத்திருந்தால்கூட அந்தக் கோட்டைப் பென்சிலால் லேசாகப் போட்டுவிட்டே ஆட்களை வையுங்கள். பிறகு அழித்துக்கொள்ளலாம்.

குனிந்து நாற்று நடும் பெண்களை வரைந்தால் உடம்பு கோணிப்போகிறது. எதைக் கவனிக்க வேண்டும்?

முதுகு நடுவில் வளைவதாக நினைத்து வரைவதால் வரும் வினை இது. நடவு நடுகிறவர் மடங்குவது இடுப்பு மூட்டில். கால்கள் ஏறக்குறைய நேராக, சற்று அகட்டி நிற்கும். முதுகு தட்டையாக முன்னே சாயும். உடம்பிலேயே உயரமான இடம் இடுப்பு, தலை அதற்குக் கீழே தொங்கும். தலையும் கைகளும் முன்னால் போவதால், எடை சமமாவதற்காக இடுப்பு குதிகாலுக்குப் பின்னே தள்ளி நிற்கும். பக்கவாட்டில் பார்த்து, பாதத்திலிருந்து நேர்மேலே ஒரு கோடு போட்டுப் பாருங்கள். அந்தக் கோட்டுக்குப் பின்னே உடம்பு இல்லையென்றால் நீங்கள் வரைந்த பெண் முன்னால் சேற்றில் விழுந்துவிடுவார்.

கைகளுக்கும் வேலை வேறு வேறு. இடது கையில் நாற்று முடி. அந்த முழங்கை பல நேரம் தொடையில் ஊன்றியிருக்கும். வலது கை முடியிலிருந்து சில நாற்றுகளைப் பிரித்துச் சேற்றில் அழுத்தும். நட்டுக்கொண்டே பின்னோக்கி நகர்வார்கள் என்பதால் நட்ட பயிர் அவர்களுக்கு முன்னாலும் வெறும் சேறு பின்னாலும் இருக்கும். இதை மாற்றி வரைந்த படங்கள் நிறைய உண்டு. விவசாயம் தெரிந்தவர் ஒரு பார்வையில் சிரித்துவிடுவார்.

உடையும் அப்படித்தான். புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகியிருப்பார்கள், மேலே ஆண்களின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. நெல் சோகை கையைக் கிழிக்கும், வெயில் தோலைச் சுடும், அதற்காகத்தான் சட்டை. படத்துக்கும் அந்தச் சட்டை உதவி: தோளிலும் முழங்கையிலும் விழும் மடிப்புகள் உள்ளே கை எப்படித் திரும்பியிருக்கிறது என்பதைச் சொல்லிவிடும். கெண்டைக்கால் பாதி சேற்றுக்குள் போய்விடுவதால் பாதம் வரையத் தெரியாதவர்களுக்கு இது நல்ல தொடக்கம்!

வயல் தண்ணீரில் ஆளின் நிழல் எந்தப் பக்கம் விழும்?

நிழல் வேறு, பிரதிபலிப்பு வேறு. பிரதிபலிப்பு எப்போதும் ஆளுக்கு நேர்கீழே, உங்களை நோக்கி இறங்கும். சூரியன் எங்கே இருந்தாலும் அது மாறாது. நிழல் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் போகும். தெளிந்த தண்ணீரில் பிரதிபலிப்பு பளிச்சென்று இருக்கும், நிழல் அவ்வளவாகத் தெரியாது. உழுது கலங்கிய சேற்றுத் தண்ணீரில் நிழல் நன்றாகவே விழும், பிரதிபலிப்பு மங்கும். வெள்ளைத் துண்டு தண்ணீரில் கொஞ்சம் மட்டாகவும், கருத்த கால் கொஞ்சம் வெளிறலாகவும் தெரியும். இன்னொன்று: தண்ணீருக்குள் தெரிவது ஆளின் தலைகீழ்ப் பிரதி என்று நினைத்து அப்படியே திருப்பி வரையாதீர்கள். கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் என்ன தெரியுமோ அதுதான் தண்ணீரில் தெரியும். குனிந்தவரின் முகம் நேரே மறைந்திருந்தாலும் தண்ணீரில் தெரியலாம்.

உடற்கூறு படித்தே ஆக வேண்டுமா?

தசையின் பெயரெல்லாம் வேண்டாம். நிற்கும் உடம்பு சராசரியாக ஏழரைத் தலை உயரம், எடை எந்தக் காலில் இருக்கிறது, அந்தப் பக்கத்து இடுப்பு எப்படி ஏறும், தோள் எப்படி இறங்கும். இவ்வளவு போதும். சென்னையில் இருப்பவர்கள் விடியற்காலையில் மெரினாவில் உழைப்பாளர் சிலை முன் உட்காருங்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. பாறையை நெம்பும் நான்கு ஆட்களில் எடை எங்கே போகிறது என்பது அப்பட்டமாகத் தெரியும். கடல் பக்கமிருந்து வெயில் ஏற ஏற அதே உடம்பு எப்படி மாறுகிறது என்றும் பார்க்கலாம். அசையாத மாடல், காசும் கேட்காது.

கருத்த தோலுக்கு என்ன வண்ணம் கலப்பது? கறுப்பு சேர்த்தால் கரி பூசினதுபோல் ஆகிறது.

கறுப்பையும் வெள்ளையையும் வைத்தே தோலை ஏற்றி இறக்கினால் அப்படித்தான் ஆகும். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் அல்ட்ராமரைன் நீலமும் கலந்தால் ஆழமான, உயிருள்ள இருட்டு கிடைக்கும். சியன்னா கூடினால் சூடு, நீலம் கூடினால் குளிர்ச்சி. நடுத்தர டோனுக்கு அதோடு எல்லோ ஆக்கர் என்ற மண்மஞ்சள், கன்னத்துக்கும் காதுக்கும் விரல் கணுவுக்கும் துளி அலிசரின் கிரிம்சன் என்ற அடர்சிவப்பு.

திறந்தவெளியில் தோலின் நிறத்தைவிட அதன்மேல் விழும் நிறங்கள்தான் முக்கியம். கருத்த, வியர்த்த தோல் வானத்தை அப்படியே வாங்கிக் காட்டும். அதனால் நெற்றியிலும் தோள்மேலும் மேல்முதுகிலும் வானத்தைப் பார்க்கிற தளங்களில் நீலம் கலந்த சாம்பல் ஒளி இருக்கும். அங்கே வெறும் வெள்ளையைக் குழைத்து வைத்தால் தோல் மாவு பூசியதுபோல் ஆகும். தாடைக்கு அடியிலும் கையின் கீழ்ப்புறத்திலும் தரை தன் நிறத்தைத் திருப்பி அனுப்பும். செம்மண் காட்டில் நிற்கிறவரின் தாடைக்கடி ஆரஞ்சாக இருக்கும், நெல்வயலில் நிற்கிறவருக்குப் பச்சை கலந்திருக்கும். இந்த இரண்டு ஒளியையும் பிடித்துவிட்டால் ஆள் அந்த இடத்தைவிட்டு வெளியே போகவே மாட்டார்.

ஒரு மாறுதலுக்குச் சுவீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் பெயரில் வழங்கும் பேலட்டைப் பயன்படுத்திப் பாருங்கள். எல்லோ ஆக்கர், வெர்மிலியன், கறுப்பு, வெள்ளை, அவ்வளவுதான். இங்கே கறுப்புதான் நீலத்தின் வேலையைப் பார்க்கும். ஆக்கர் பக்கத்தில் கறுப்பு வெள்ளை கலந்த சாம்பலை வைத்தால் நீலமாகவே தெரியும்.

வெள்ளை வேட்டியை எப்படி வெள்ளையாகக் காட்டுவது?

பாதிக்கு மேல் வெள்ளை இல்லாமல்தான். வெயில் நேராக அடிக்கிற மடிப்பில் மட்டும் சற்று மஞ்சள் கலந்த வெள்ளை. நிழல் பக்கம் முழுக்க நீலச் சாம்பல். முழங்காலுக்குக் கீழே வயல் பச்சையோ மண் நிறமோ ஏறியிருக்கும். நிழலில் இருக்கும் அந்த நீலச் சாம்பல் வேட்டி பல நேரம் வெயிலில் இருக்கும் கருத்த தோலைவிட வெளிச்சமாக இருக்கும். நிழல் என்ற சொல்லுக்குப் பயந்து அதை அதிகமாக இருட்டாக்கிவிடாதீர்கள். கண்ணை இடுக்கி இரண்டையும் ஒப்பிட்டுவிட்டே பிரஷ்ஷை வையுங்கள்.

டியூபில் வரும் பச்சை போதாதா?

போதாது. நாற்றங்கால் பச்சை மஞ்சள் கொட்டினாற்போல் இருக்கும், வளர்ந்த பயிர் நீலப் பச்சைக்குப் போகும், கதிர் தள்ளியபின் மறுபடி மங்கும். லெமன் எல்லோ, எல்லோ ஆக்கர் இரண்டோடும் அல்ட்ராமரைனைத் தனித்தனியாகக் கலந்தால் இதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். அதில் துளி சியன்னா போட்டால் கண் கூசுகிற பச்சை அடங்கும். தூரத்து வரிசைகளில் நீலமும் வெளிறலும் கூட வேண்டும். தென்காசி, தேனிப் பக்கம் வரைகிறவர்களுக்கு மலை இந்தப் பாடத்தைத் தினமும் நடத்துகிறது.

உச்சி வெயிலில் வரையலாமா?

கஷ்டம். நம் ஊரில் ஏப்ரலிலும் ஆகஸ்டு வாக்கிலும் சூரியன் நண்பகலில் நேர்தலைக்கு மேலேயே வந்துவிடும். கண்குழி இருட்டு, மூக்குக்கடியில் இருட்டு, நிழல் காலடியில் ஒரு வட்டம். உருவத்தின் வடிவம் தெரியாது. காலை ஆறரை முதல் எட்டரை, மாலை நாலரைக்கு மேல், இவைதான் நல்ல நேரம். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்வதால் இரண்டு மணி நேரத்தில் நிழல்கள் இடம் மாறிவிடும். உட்கார்ந்த முதல் பத்து நிமிடத்தில் நிழலின் வடிவங்களை அடித்துவிட்டு, அப்புறம் வெயில் எங்கே போனாலும் அவற்றைத் தொடாதீர்கள். மிச்ச வேலைக்கு மறுநாள் அதே நேரத்துக்குப் போவதே நல்லது.

செல்போனில் படம் எடுத்து வீட்டில் வைத்து வரைவது தப்பா?

தப்பில்லை. ஆட்கள் வேலை செய்துகொண்டே இருப்பார்கள், உங்களுக்காக நிற்க மாட்டார்கள். ஆனால் போன் மூன்று விஷயத்தில் பொய் சொல்லும். கிட்டப்போய் எடுத்தால் முன்னால் நீட்டிய கை பூதாகாரமாகவும் கால் குச்சியாகவும் வரும். ஆகவே தள்ளி நின்று ஜூம் வைத்து எடுங்கள். நிழலைக் கறுப்பாக அமுக்கிவிடும், அல்லது வானத்தை வெள்ளையாக எரித்துவிடும். பச்சையை வேண்டியதற்கு மேல் பளபளப்பாக்கும். அதனால் படத்தோடு ஒரு சின்ன வண்ணக் குறிப்பும் அங்கேயே எடுத்துவிடுங்கள். தோலின் வெயில் பக்கம், நிழல் பக்கம், பயிர், சேறு, வானம் என்று ஐந்து பொட்டு வைத்தால் போதும். வீட்டில் போட்டோ உருவத்துக்கு, பொட்டு வண்ணத்துக்கு.

இணையத்தில் யாரோ எடுத்த போட்டோவை அப்படியே பார்த்து வரைந்து விற்பது வேறு விஷயம். அது அவருடைய படம். பழகுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், கண்காட்சிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

வேலை செய்கிறவர்களிடம் எப்படிக் கேட்பது?

கேமராவை எடுக்கும் முன்பே வரப்பு ஓரமாக நின்று பேசிவிடுங்கள். "அக்கா, நீங்க நடுறதைப் படம் வரையணும், எடுத்துக்கலாமா?" என்றால் பெரும்பாலும் சிரித்துவிட்டுச் சரி என்பார்கள். "இந்தக் கோலத்துலயா?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறவரை விட்டுவிடுங்கள். உட்காரவைத்து வரைவதென்றால் அவருடைய நாள் கூலியைக் கொடுப்பதுதான் முறை. முடிந்த படத்தையோ அதன் போட்டோவையோ கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர்கள் வாயால் வரும் விமர்சனம் எந்த ஆசிரியரும் தராதது: "மம்புட்டியை இப்படியா பிடிப்பாங்க?"

வாட்டர்கலர், ஆயில், அக்ரிலிக்: எதில் தொடங்குவது?

ஸ்பாட்டில் வாட்டர்கலர், வீட்டில் ஆயில் என்பது என் விருப்பம். வாட்டர்கலரில் வெளிச்சம் என்பது விட்டுவைத்த தாள்தான், எனவே எங்கே வெளிச்சம் என்று முன்கூட்டியே முடிவெடுக்கப் பழக்கும். காய்ந்தால் வெளிறும், ஆகவே கொஞ்சம் கூடுதல் அடர்த்தியாகவே வையுங்கள். 300 ஜிஎஸ்எம் (தாளின் கன அளவு) தாளுக்குக் குறைந்தது வேண்டாம், அலையலையாகச் சுருண்டுவிடும். ஆயில் மெதுவாகக் காய்வதால் தோலில் டோன்களை இழைக்கவும், ஓரங்களைக் கலைக்கவும் நேரம் தரும். முதல் பூச்சில் டர்பன்டைன் கூடுதலாக, மேலே போகப் போக லின்சீட் எண்ணெய் கூடுதலாக. இதை மாற்றினால் பின்னால் வண்ணப் பூச்சில் வெடிப்பு விழும். முதல் வரைவுக்குப் பர்ன்ட் அம்பர் நல்லது, சீக்கிரம் காயும். அக்ரிலிக் வெயிலில் பேலட்டிலேயே காய்ந்துவிடும். அதோடு திறந்தவெளியில் மல்லுக்கட்ட எனக்குப் பொறுமை இல்லை.

முகம் ஒரு விரல்நக அளவுதான் வருகிறது. கண், மூக்கு வரையணுமா?

வேண்டாம். கண்குழி நிழல், மூக்கின் கீழ் நிழல், வெயில் பட்ட கன்னம். மூன்று தொடுதல். அதற்குமேல் போனால் பொம்மை.

யாருடைய படங்களைப் பார்க்கலாம்?

முதலில் ஓவியர் எஸ். இளையராஜா. கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து அங்குள்ள கவின்கலைக் கல்லூரியில் படித்தவர், 2021 ஜூனில் கொரோனாவில் இறந்தார். அவர் படங்களில் பல வீட்டுக்குள் நடப்பவைதான் என்றாலும், சன்னல் வழியாகவோ வாசல் வழியாகவோ வரும் ஒற்றை வெளிச்சம் மாநிறத் தோலிலும் பருத்திப் புடவையிலும் சுவரிலும் ஒரே சூட்டோடு பரவுவதைப் பார்த்தால் இதுவரை சொன்னதெல்லாம் விளங்கும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரவிவர்மாவின் ஆயில் ஓவியங்களை நேரில் பார்க்கலாம். துணி மடிப்புக்காகப் பாருங்கள். அவர் பின்னணி நாடக மேடைத் திரைபோல இருக்கும், அதைப் பின்பற்ற வேண்டாம்.

பிரான்ஸின் ழான் ஃபிரான்சுவா மில்லே 1857இல் வரைந்த கதிர் பொறுக்கும் பெண்கள் படத்தையும் தேடிப் பாருங்கள். அறுவடை முடிந்த வயலில் மூன்று பெண்கள். குனிந்த அவர்களின் உடம்பு ஏறக்குறைய முழுவதும் அடிவானத்துக்குக் கீழே மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. தூரத்தில் வைக்கோல்போரும் வண்டியும் வெளிச்சத்தில் மின்னுகின்றன. தலை வானத்தை வெட்டிக்கொண்டு மேலே போயிருந்தால் அவர்கள் வேறு ஆட்களாகியிருப்பார்கள். ஆளை அடிவானத்துக்கு மேலே வைப்பதா கீழே வைப்பதா என்ற ஒரு முடிவு எவ்வளவு பேசுகிறது பாருங்கள்.

கல்லூரியில் சேர்ந்துதான் படிக்கணுமா?

முழுநேரமாகப் போக முடிந்தவர்களுக்குச் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னையில் இருப்பது 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. உழைப்பாளர் சிலை செய்த ராய் சௌத்ரி அங்கே முதல்வராக இருந்தவர். கல்லூரியில் கிடைக்கும் பெரிய லாபம் அவுட்டோர் போகும் கூட்டம். வெளியிலிருப்பவர்களும் நாலு பேராகச் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினால் அந்த லாபத்தில் பாதி கிடைத்துவிடும்.

கிராமம் என்றால் குடிசை, மாட்டுவண்டி, குடம் இடுப்பில் ஏந்திய பெண். இவையெல்லாம் இருக்க வேண்டுமா?

உங்கள் எதிரில் இருந்தால் வரையுங்கள். இல்லாததைக் காலண்டரிலிருந்து கொண்டுவந்து வைக்காதீர்கள். இன்றைய வரப்பில் டிவிஎஸ் எக்ஸ்எல் நிற்கிறது, நீலப் பிளாஸ்டிக் குடம் இருக்கிறது, மருந்து தெளிக்கும் டேங்கை முதுகில் கட்டியவர் நடக்கிறார். பச்சை வயலுக்கு நடுவே அந்த நீலக் குடம் எவ்வளவு அழகான இடைவெட்டு! தத்ரூபம் வேண்டும் என்று சொல்லிவிட்டு ஐம்பது வருடத்துக்கு முந்திய கிராமத்தை வரைவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

முடித்த ஆயில் படத்துக்கு எப்போது வார்னிஷ் அடிக்கலாம்?

தொட்டால் ஒட்டவில்லை என்பதால் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மெல்லிய பூச்சுக்கு ஆறு மாதம், கனமாக அடித்திருந்தால் ஒரு வருடம்கூடப் பொறுக்க வேண்டும். அதுவரை தூசி படாமல், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பீரோவுக்குள் பூட்டினால் வெள்ளை மஞ்சளடிக்கும். மழைக்காலத்தில் ஈரச்சுவரில் ஒட்டி மாட்டாமல், ஃபிரேமின் கீழ் மூலைகளில் இரண்டு கார்க் துண்டு ஒட்டி, பின்னால் காற்றுப் போக இடம் விடுங்கள்.